பதினோரு மெருகு

பிப்ரவரி 2

பேப்பர் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகக் கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது. இவ்வளவு வழவழப்பான தாளை வீணாக்கக் கூடாது என்று இன்று தொடங்குகிறேன்.

பெயர் ஆவுடையப்பன். வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் கல்லூரி வாசலுக்கு எதிரே ஆவுடை ஜெராக்ஸ். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. நானும் சொல்கிறேன்.

பார்வையில்லாத மாணவர்கள் தேர்வில் விடையைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். அந்த ஆள் படிப்பில் மாணவரைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்பது விதி. தானாகவே விடை எழுதிவிடக் கூடாதல்லவா? அந்தத் தகுதி எனக்கு முழுமையாக உண்டு. ஆறு வருடமாக இந்தச் சேவை செய்கிறேன். நாற்பத்திரண்டு தேர்வு எழுதி நாற்பத்திரண்டிலும் பாஸ் செய்திருக்கிறேன்.

"பாஸ் செய்தது பிள்ளையளா நீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்கிறாள் பிரமு. என் மனைவி. அடுத்தவர் டைரியை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை.

பிப்ரவரி 5

நவம்பர் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. ஜெபக்கனி ஒரு பேப்பரில் பெயில். என் சேவை வரலாற்றில் முதல் பெயில். மத்தியானம் சோறு இறங்கவில்லை, ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜெபக்கனி பி.ஏ. வரலாறு கடைசி வருடம். பிறவியிலேயே பார்வை கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வரும் வேகத்தைப் பார்த்தால் ஆட்டோக்காரர்கள்தான் ஒதுங்குவார்கள். முதல் செமஸ்டரிலிருந்து அவளுக்கு நான்தான் ஸ்கிரைப். பெயிலான பேப்பர், நவீன இந்திய வரலாறு 1757 முதல் 1857 வரை. எழுபத்தைந்துக்கு முப்பது எடுக்க வேண்டும். வந்திருப்பது இருபத்தேழு.

"அண்ணாச்சி, நான் சொன்னதெல்லாம் எழுதுனீங்கள்லா?" என்று கேட்டாள்.

அதற்கு மேலேயும் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வந்தேன். தற்பெருமை வேண்டாம் என்று, "எழுதுனேம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஏப்ரல்ல இந்த அரியர் போவலன்னா இந்த வருசம் பி.எட். சேர முடியாது. வீட்டுல உக்காந்தா கல்யாணத்த முடிச்சிருவாங்க. மாப்ள கோழிப்பண்ண வச்சிருக்காராம். எனக்குக் கோழி வாடையே ஆவாது."

"ஏப்ரல்ல ஜமாய்ச்சிருவோம்" என்றேன்.

பிப்ரவரி 6

யோசித்துப் பார்த்ததில், தாளைத் திருத்தியவருக்கு அன்று வயிற்றுக்கோளாறு இருந்திருக்க வேண்டும். அல்லது கையெழுத்து கோணலான ஆளாக இருந்து பொறாமைப்பட்டிருக்க வேண்டும். தலைப்புக்குத் தலைப்பு இரட்டை அடிக்கோடு, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் கொடியும் பூவும். அப்படிப்பட்ட தாளில் இருபத்தேழு என்று எழுத ஒருவருக்குக் கை வருமா?

பிள்ளை சரியாகப் படிக்காமலும் இருந்திருக்கலாம். சொல்லிக் காட்டக் கூடாது.

பிப்ரவரி 9

தன் விடைத்தாளின் நகல் கேட்டு ஜெபக்கனி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள். அந்த விண்ணப்பத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க என்னிடமே வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். நகல் வந்ததும் கண்ணாடி போட்டுச் சட்டமடித்து மாட்டிக்கொள் என்று சொன்னேன்.

பிப்ரவரி 20

நல்ல செய்தி. நகரச் சேவைக் குழுத் தலைவர் வேலாயுதப்பெருமாள், பர்னிச்சர் கடைக்காரர், நேரில் வந்தார். மார்ச் 30 அன்று ஆண்டு விழா. பார்வையற்ற மாணவர்களுக்கு ஆற்றும் தொண்டுக்காக எனக்கு 'எழுதுகோல் செம்மல்' பட்டம். பிளெக்ஸ் அடிக்கப் போட்டோ கேட்டார். கன்னத்தில் கை வைத்தது, வைக்காதது, பேனாவோடு இருப்பது என மூன்று கொடுத்தேன். மூன்றையும் போடச் சொன்னேன்.

ஏற்புரை தயாரிக்க வேண்டும்.

மார்ச் 4

ஜெபக்கனியின் போனில் புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது. காகிதத்துக்கு மேலே போனைப் பிடித்தால் அதில் இருப்பதை ஒரு பெண் குரல் வாசிக்கிறது. ஏற்ற இறக்கம் கிடையாது, மூச்சும் வாங்குவதில்லை. அச்சடித்த புத்தகத்தைக் கடகடவென்று படித்தது.

"அச்சு சரி. கையெழுத்தப் படிக்கச் சொல்லு பாப்போம்" என்றேன்.

டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டினோம். 'எழுத்து எதுவும் கிடைக்கவில்லை' என்றது. பிரமுவின் பலசரக்கு லிஸ்டைக் காட்டினோம். 'படம்: ஒரு மரக்கிளை' என்றது. பிரமு அதற்கப்புறம் கடைப்பக்கம் வரவில்லை.

பிறகு நான் ஒரு வெள்ளைத்தாளில் 'அனைவருக்கும் வணக்கம். இந்தப் பட்டத்துக்கு நான் தகுதியானவனா என்பதை அவையே முடிவு செய்யட்டும்' என்று எழுதினேன். ஏற்புரைக்காக யோசித்து வைத்திருந்தது. குரல் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தது. முற்றுப்புள்ளியைக்கூட விடவில்லை.

உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓர் இயந்திரமே ஒத்துக்கொண்ட கையெழுத்து! இன்னும் நாலு தாள் எழுதி வாசிக்கவைத்தேன்.

ஜெபக்கனி நாலையும் கேட்டு முடித்தாள். "அப்ப ஒங்க எழுத்த இது நல்லாவே வாசிக்கும் என்ன அண்ணாச்சி?" என்றாள்.

"சந்தேகமே வேண்டாம்" என்றேன்.

மார்ச் 6

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் நாலு மணி. ரெக்கார்டு நோட்டு பைண்டிங்குக்கு ஐந்து மாணவர்கள் நின்றார்கள். ஜெபக்கனி விடைத்தாள் நகலோடு வந்தாள். நான் வாசிக்கிறேன் என்று கை நீட்டினேன். "ஒங்களுக்கு எதுக்குச் சிரமம், போன் வாசிக்கட்டும்" என்று கவுண்டரிலேயே தாளைப் பரப்பினாள். ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பெருமையாகத்தான் நின்றேன்.

குரல் தொடங்கியது. "பிளாசிப் போர் ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நான்காம் ஆண்டு நடைபெற்றது."

ஜெபக்கனி விரலால் தட்டிக் குரலை நிறுத்தினாள். "நான் அம்பத்தேழுன்னுலா சொன்னேன்?"

"எனக்கு அறுபத்துநாலுன்னு ஞாபகம்மா. பத்தாங்கிளாஸ்ல படிச்சது. நீ பதட்டத்துல மாத்திச் சொல்லுதன்னு..."

"அது பக்சார் போர் அண்ணாச்சி. பேப்பர் பேர்லயே அம்பத்தேழு இருக்கு."

மறுபடி தட்டினாள். காரன்வாலிஸ் பிரபுவின் நிலவரித் திட்டம் வந்தது. "காரன்வாலிஸ் நல்ல உயரம், பார்க்க லட்சணமானவர்" என்றது குரல். அதை நான்தான் சேர்த்தேன். விடை வறட்சியாக இருந்தது. துணைப்படைத் திட்டத்துக்கு அவள் சொன்ன எட்டு வரியில் நாலுதான் இருந்தது. மீதி நாலு வரி சொன்னதையே திரும்பச் சொல்வதுபோல் பட்டதால் விட்டிருந்தேன். திரும்பச் சொல்லவில்லை என்று இப்போது வாய்விட்டுக் கேட்கும்போது தெரிந்தது.

அடுத்து 1857 கிளர்ச்சிக்கான காரணங்கள். அவள் ஐந்து சொல்லியிருந்தாள். குரல் சளைக்காமல் வாசித்தது: "ஆறாவதாக, ஒற்றுமையின்மை. இன்றும் அதே நிலைதான். எங்கள் தெருவில் சாக்கடை அடைத்து மூன்று மாதமாகிறது. மனுக் கொடுக்க நாலு வீட்டுக்காரர்கள் ஒன்று சேரவில்லை. இப்படி இருந்தால் வெள்ளைக்காரன் ஏன் வரமாட்டான்? கேள்விக்குறி."

பைண்டிங்குக்கு நின்றவர்களில் ஒருவன் சிரித்து, சிரிப்பு தாங்காமல் வெளியே ஓடிப் பைக்கில் சாய்ந்துகொண்டான். மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். பத்து விரலும் முடிந்து மறுபடி கட்டைவிரலுக்கு வந்தாள். பதினொன்று.

"கடைசி ரெண்டு பத்து மார்க் கேள்விக்கு நேரமில்லன்னு சொன்னீங்களே. நான் முந்தின விடையச் சொல்லி முடிச்சு ஒங்களுக்காகக் காத்துக்கிட்டுலா இருந்தேன். அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் குரல் முந்திக்கொண்டது. "பக்கத்தின் ஓரம். படம்: கொடியும் பூக்களும்."

"வாசிச்சுக் காட்டுங்கன்னு கேட்டப்ப நான் சொன்னத அப்படியே வாசிச்சீங்களே?"

வாசித்தேன். அவள் சொன்னது எனக்கு நினைவில் இருக்கும், அதைச் சொல்லிவிடுவேன். மெருகை வேறு தனியாக வாசிக்க அங்கே நேரம் ஏது? இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதும்போதே நன்றாக இல்லை.

தாளை அடுக்கி, கவரில் போட்டு, கோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அவசரத்தில் நான் ஒருவனுடைய ரெக்கார்டு நோட்டைத் தலைகீழாகப் பைண்ட் செய்துவிட்டேன்.

மார்ச் 7

கடை விடுமுறை. லேசாக ஜுரம்.

மார்ச் 8

ஜுரம் இல்லை என்று பிரமு தெர்மாமீட்டரோடு வந்து நிரூபித்துவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஜெபக்கனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"கல்யாணமான புதுசுல எங்க அண்ணனுக்குக் கோயில் கொடைக்கு வரச் சொல்லி நான் சொல்லச் சொல்ல ஒரு லெட்டர் எழுதுனிய. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அவன் எங்கூடப் பேசல. அதுல என்னத்தச் சேத்திய?"

ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. 'மிக்சி இன்னும் வந்து சேரவில்லை என்பதை அன்புடன் நினைவூட்டுகிறேன்' என்று ஒரே ஒரு வரி. கடிதம் கொஞ்சம் மொட்டையாக இருந்தது.

இரவு உப்புமா. அதில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

மார்ச் 10

ஜெபக்கனி வந்தாள். ஏப்ரல் தேர்வைத் தானே கம்ப்யூட்டரில் எழுதப் போகிறாளாம். ஸ்கிரீன் ரீடர் என்று ஒன்று இருக்கிறது. திரையில் என்ன இருந்தாலும், என்ன டைப் அடித்தாலும் காதில் சொல்லும். கல்லூரியில் இதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் எப்சிபா மேடத்திடம் கேட்டிருக்கிறாள்.

"மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஒனக்குத்தான் ஆவுடையப்பன் இருக்காரே, அவர மாதிரி ஸ்கிரைப் யாருக்குக் கெடைக்கும்'ங்காங்க. நீங்க நல்லவர்னு பேர் எடுத்ததுதான் அண்ணாச்சி எனக்குப் பெரிய தடை."

"விடைத்தாளக் காட்ட வேண்டியதுதான?"

"காட்டுனேன். நான் பெயிலானதுக்கு ஒங்க மேல பழி போடுதேன்னு நெனைக்காங்க. தாள்ல இருக்கத நான் சொல்லலன்னு நான் மட்டும்தான சொல்லுதேன்? நடந்தத நீங்க ஒரு கடிதமா எழுதித் தாங்க. இருபத்திரெண்டாம் தேதிக்குள்ள குடுக்கணும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அவள் போனபிறகுதான் தேதி உறைத்தது. இருபத்திரண்டில் கடிதம் கொடுத்தால் முப்பதாம் தேதி எனக்கு எதற்குப் பட்டம் தருவார்கள்?

மார்ச் 12

ஜெராக்ஸ் மெஷினில் டிரம் போய்விட்டது. கடிதம் எழுத நேரமில்லை.

மார்ச் 13

டிரம் மாற்றியாகிவிட்டது. கையில் சுளுக்கு.

மார்ச் 15

முச்சந்தியில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மூன்று போட்டோவும் இருக்கிறது. நடுப் போட்டோவில் நான் வானத்தைப் பார்த்துச் சிந்திக்கிறேன். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தும், டீக்கடையிலிருந்தும், பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகவும் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து பார்ப்பதுதான் எடுப்பாக இருக்கிறது.

மார்ச் 17

ஜெபக்கனி சாலையைக் கடப்பதைப் பார்த்து ஷட்டருக்குள் பதுங்கினேன். ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, லேமினேஷன் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு. ஆள் இல்லாம ஓடாதுல்லா?" என்று வெளியிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில், மெஷினுக்குப் பின்னால்.

மார்ச் 21

நாளைதான் கடைசி நாள். காலையிலேயே எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். ஜெபக்கனி வந்ததும் நீட்டினேன். அவள் கவுண்டரில் வைத்துப் போனைப் பிடித்தாள். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"கல்விப் பணிக்குத் தன்னையே அர்ப்பணித்த அடியேன், மாணவி ஜெபக்கனியின் நலன் ஒன்றையே கருத்தில் கொண்டு, ஓரிரு இடங்களில் சிறு மெருகு சேர்க்க நேர்ந்ததை..."

அவள் நிறுத்தினாள். "இது என்னது அண்ணாச்சி? அவார்டு அழைப்பிதழா?"

"கொஞ்சம் கவுரவமா இருக்கட்டுமேன்னு..."

"ஓரிரு இடமா? பதினோரு இடம்." தாளை என் பக்கம் தள்ளினாள். "நான் ராத்திரி பகலாக் கேட்டுக் கேட்டுப் படிச்சேன். ஒரு பாடத்த நாப்பது தடவ கேட்டிருப்பேன். பரீட்ச எழுதிட்டு வந்து விடுதியில, எல்லாம் சொல்லிட்டேன், ஜெயிச்சிட்டேன்னு குதிச்சேன். நான் என்ன எழுதுனேன்னு எனக்கே தெரியாது. அது ஒங்களுக்குத்தான் தெரியும். இப்ப கடிதத்துலயும் நீங்கதான் முடிவு பண்ணுவீங்களா?"

புதுத்தாள் எடுத்தேன். "நீ சொல்லு. நான் எழுதுதேன்" என்றேன்.

அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தேர்வில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் எழுதினேன்.

'தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு. மாணவி ஜெபக்கனி சொன்ன விடைகளை நான் பதினோரு இடங்களில் மாற்றி எழுதினேன். அவர் சொல்லாததைச் சேர்த்தேன். அவர் சொன்னதை விட்டுவிட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னபோது எழுதியதை வாசிக்காமல் அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவர் தன் தேர்வைத் தானே எழுத அனுமதிக்க வேண்டும். ஆவுடையப்பன்.'

"அவ்ளோதான்" என்றாள்.

'மிகுந்த பணிவுடன்' என்று போடக் கை துறுதுறுத்தது. அதைவிட, 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை போட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை. அதனால் போடவில்லை. ஆறு வருடத்தில் ஒருவர் சொன்னதை மட்டும் நான் எழுதியது இன்றுதான்.

போனைப் பிடித்து முழுவதும் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 24

எப்சிபா மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடிதம் மேசையில் இருந்தது.

"இது நீங்க எழுதுனதுதானா? ரொம்பச் சின்னதா இருக்கே?" என்றார்.

"சொன்னத எழுதுனேன் மேடம்."

என் பெயரை ஸ்கிரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். பழைய மார்க்கை மாற்ற முடியாதாம். ஆனால் ஏப்ரலில் ஐந்து பேப்பரையும் ஜெபக்கனி கம்ப்யூட்டரில் எழுத அனுமதி. நான் எழுந்து வரும்போது, "அந்தச் சாக்கடை சரியாயிட்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 30

வேலாயுதப்பெருமாளிடம் போன வாரமே எல்லாவற்றையும் சொல்லிப் பட்டம் வேண்டாம் என்றேன். மனிதர் தலையில் கை வைத்துவிட்டார். ஷீல்டு அடித்தாகிவிட்டது, சாமியானா போட்டாகிவிட்டது, இருநூறு பேருக்கு கேசரி சொல்லியாகிவிட்டது. "வே, வராம மட்டும் இருந்துராதீரும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மேடையில் போய்ப் பார்த்தால் ஷீல்டில் 'எழுதுகோல்' என்பதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'நகல் செம்மல்' ஆக்கியிருக்கிறார்கள். பதினெட்டு ஆண்டு ஜெராக்ஸ் சேவைக்காகவாம். உள்ளதை உள்ளபடி எடுத்துத் தருபவர் என்று புகழ்ந்தார்கள். முன் வரிசையில் பிரமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஏற்புரை, 'நன்றி' என்ற ஒரு வார்த்தை. கேசரி நன்றாக இருந்தது.

ஏப்ரல் 3

கல்லூரியில் கம்ப்யூட்டர் அறை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவதால், டைப் பழக ஜெபக்கனி நம் கடைக் கம்ப்யூட்டரைக் கேட்டாள். உட்காரச் சொன்னேன். ஸ்கிரீன் ரீடரை ஏற்றினாள். அது திரையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. ஸ்பீக்கர் போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"விலைப்பட்டியல். பழைய பில். பிரமுவுக்குத் தெரியக் கூடாதது. கோப்புறை. பதினேழு கோப்புகள்."

பிரமு அப்போதுதான் காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த விதம் சரியில்லை.

திறந்து காட்டவேண்டியதாயிற்று. பதினேழும் நான் கண்ணாடி முன் ஏற்புரை ஒத்திகை பார்த்த வீடியோக்கள். ஆறாவதில் நான் அழுதுகாட்டுகிறேன். பிரமு எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தாள். ஜெபக்கனி கேட்டுக்கொண்டே டேபிளில் கவிழ்ந்து சிரித்தாள். மார்ச் ஆறுக்குப் பிறகு அவள் இந்தக் கடையில் சிரித்தது இப்போதுதான்.

ஏப்ரல் 10

அவள் வேகமாக டைப் அடிக்கிறாள். குரலும் எனக்குப் புரியாத வேகத்தில் ஓடுகிறது. தப்பாக ஓர் எழுத்து விழுந்தால் தானே நின்று, தானே திருத்துகிறாள். பின்னால் நின்று பார்க்கும்போது, 'இங்கே ஒரு உவமை போட்டால்' என்று எனக்கு நாக்கு வரை வருகிறது. வாயில் ஒரு பாக்கைப் போட்டுக்கொள்கிறேன். இன்று மட்டும் ஒன்பது பாக்கு.

ஏப்ரல் 16

இன்று அந்த அரியர் பேப்பர். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பார்கள். எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவர் ஆதார் அட்டையைக் கொடுத்து இரண்டு நகல் கேட்டார், நாற்பது எடுத்துவிட்டேன்.

இரண்டு ஐந்துக்கு எப்சிபா மேடமும் கண்காணிப்பாளர் ஒருவரும் சாலையைக் கடந்து ஓடி வந்தார்கள். பின்னால் கோலைத் தட்டிக்கொண்டு ஜெபக்கனி. கல்லூரி பிரிண்டர் தாளை மென்று துப்பிவிட்டதாம். விடையை அச்செடுத்து உடனே கவரில் போட்டு ஒட்ட வேண்டும். பென் டிரைவை மேடம் கையிலேயே வைத்திருந்தார்.

"வேற கடையில எடுக்கலாமா?" என்று மேடம் ஜெபக்கனியைக் கேட்டார். கேட்டது நியாயம்தான். எனக்குச் சுருக்கென்றது.

"மெஷின் சேத்து எழுதாது மேடம்" என்றாள் அவள்.

நான் திரையைப் பார்க்கக் கூடாது என்று கண்காணிப்பாளர் குறுக்கே நின்றார். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன். ஏப்ரல் மாதத்து நல்ல நேரம் முழுவதும் எனக்கு இப்போது மனப்பாடம். தாள்கள் வந்துகொண்டே இருந்தன. நான் முகத்தைத் திருப்பவில்லை, காதால் எண்ணினேன். பன்னிரண்டு வரை சாதாரணமாக எண்ணினேன். என்னோடு எழுதியபோது அவள் விடை பன்னிரண்டு பக்கத்தைத் தாண்டியதே இல்லை, அதுவும் பூவும் கொடியும் சேர்த்து. இன்று பதினெட்டில்தான் மெஷின் நின்றது.

இந்தப் பிள்ளைக்குச் சொல்ல இவ்வளவு இருந்திருக்கிறது. நான் பூ வரையப் பென்சில் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்காணிப்பாளர் கவரை ஒட்டி முத்திரை வைத்தார். அவர்கள் போனபிறகு காபிகூடக் குடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆதார்காரர் மட்டும் தன் நாற்பது நகலோடு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

மே 29

ரிசல்ட். எழுபத்தைந்துக்கு அறுபத்து மூன்று. மற்ற நாலு பேப்பரும் ஐம்பத்தைந்துக்குக் குறையவில்லை.

போன ஐந்து செமஸ்டரில் நான் எழுதிய பேப்பர் ஒன்றில்கூட அவள் நாற்பத்து நாலைத் தாண்டவில்லை. அந்த நாற்பத்து நாலை நான் வாங்கித் தந்ததாக டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். இப்போது கணக்குப் போட்டால், பேப்பருக்குப் பதினைந்து இருபது மார்க்கை ஒவ்வொரு தடவையும் நான் அவள் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று தெரியாது. நாற்பத்திரண்டு பாஸும் அவர்கள் என்னையும் மீறிப் பாஸானது.

பதினோரு மணிக்கு ஜெபக்கனி வந்தாள். நான் எழுந்து நின்றேன். கவுண்டருக்கு வெளியே வந்தேன். "மன்னிச்சிரும்மா" என்றேன். "அன்னைக்குக் கடிதத்துலயே போட்டிருப்பேன். நீ சொல்லல."

"நல்லவேள போடல. போட்டிருந்தா ஒரு பக்கம் ஆக்கியிருப்பீங்க" என்றாள். "வாயால சொன்னீங்கள்லா, போதும். கோழிப்பண்ணைக்காரர்ட்டயும் வேற இடம் பாக்கச் சொல்லியாச்சு."

பிறகு பையிலிருந்து பி.எட். விண்ணப்பத்தை எடுத்தாள். கையால்தான் நிரப்ப வேண்டும் என்று மேலேயே அச்சடித்திருந்தது. "எழுதித் தாங்க அண்ணாச்சி" என்றாள்.

"நானா?"

"வேற யாரு எழுத்தையும் போன் ஒழுங்கா வாசிக்க மாட்டேங்குது. நேத்து விடுதியில ஒரு பிள்ள எழுதிச்சு. 'படம்: உடைந்த வேலி'ங்குது."

உட்கார்ந்தேன். அவள் சொன்னாள், எழுதினேன். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண். கடைசிப் பக்கத்தில் 'சிறப்புத் திறமைகள்' என்று ஒரு கட்டம், ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லன்னு போடுங்க" என்றாள்.

எழுத எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆறு வரி போதாது, தனித்தாள் இணைத்திருப்பேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருந்திருக்காது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். இறுக்கிய இறுக்கில் கடைசி எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

அவள் போனை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கவிட்டாள். இரண்டு தடவையும் அவள் சொன்னதுதான் வந்தது.

"சரியா இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கலாமென்றால் ஜெராக்ஸ் கடையில் வெங்காயத்துக்கு எங்கே போவேன்?